நாலே கண்ணியில் தொடங்கும் போர்வை: கையால் பின்னிப் பரிசளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக ஊசி பிடிப்பவர்கள் போர்வை பின்ன ஆசைப்பட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: 150 கண்ணி ஏற்றிக்கொள், அப்படியே நேராகப் பின்னிக்கொண்டு போ. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பழகாத கைக்கு 150 கண்ணியை, அதாவது ஊசியில் மாட்டும் 150 நூல் வளையங்களை, ஒரே இறுக்கத்தில் ஏற்றுவதே பெரிய வேலை. முதல் வரிசையை முடிப்பதற்குள் கை வலிக்கும். பத்தாவது வரிசையில் எண்ணிப் பார்த்தால் 154 இருக்கும், எங்கே கூடியது என்று தெரியாது. பல வீடுகளில் அலமாரிக்குள் நான்கு அங்குல அகலப் பட்டையாகவே நின்றுபோன போர்வைகள் இப்படி ஆனவைதான்.

நான் சொல்லப்போவது வேறு வழி. ஒரு மூலையில் நான்கு கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணியாகக் கூட்டிக் குறுக்காகப் பின்னுவது. மேலை நாடுகளில் பாட்டிமார்கள் பாத்திரம் துடைக்கும் சிறு துணிகளை இந்த முறையில்தான் பின்னி வந்தார்கள். அதையே பெரிதாக்கினால் போர்வை. முதல் நாள் நாலைந்து கண்ணிதான் ஊசியில் இருக்கும், தப்பு செய்தால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க ஐந்து நிமிடம் போதும். கண்ணி நூறைத் தாண்டும்போது உங்கள் கை பழகியிருக்கும்.

இங்கே நாம் பின்னப்போவது 3 அடிக்கு 4 அடி, அதாவது 36 அங்குலத்துக்கு 48 அங்குலம். கட்டிலுக்கு முழுதாக விரிக்கும் அளவு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மடியில் போட்டுக் கால்வரை மூடிக்கொள்ளவோ, தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளவோ ஏற்ற அளவு. நான் முதலில் இந்த அளவில் பின்னியது குன்னூரில் இருக்கும் என் அத்தைக்கு. மூட்டு வலிக்காரர். சாயங்காலம் ஆனால் முழங்காலில் குளிர் ஏறுகிறது என்பார்.

யாருக்கு, எந்த நூல்

நூல் கடைக்குப் போகும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இந்தப் போர்வையை யார் துவைக்கப்போகிறார்கள், எப்படி?

இதை யோசிக்காமல் நான் ஒருமுறை செய்த பிழை இன்னும் மனதில் இருக்கிறது. தோழி ஒருத்திக்குச் சுத்தமான கம்பளி நூலில் ஒரு போர்வை பின்னிக் கொடுத்தேன். அவள் வீட்டில் எல்லாத் துணியோடும் சேர்த்து மெஷினில் போட்டார்கள். வெளியே வந்தபோது பாதியாகச் சுருங்கி, அட்டை போல விறைத்திருந்தது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும். திரும்பப் பிரிக்கவே முடியாது. அவர்கள் மேல் குறையில்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும், சொல்லியும் இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். வர்தமான், ஓஸ்வால் போன்ற லூதியானா நூல்கள் எளிதில் கிடைக்கும். அக்ரிலிக் சுருங்காது, மெஷினில் போடலாம், விலையும் குறைவு. அடிக்கடி துவைக்க வேண்டிய வீட்டுக்கு அதுவே சரி. ஆனால் அது நெருப்புக்கு ஆகாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி அப்படிச் சட்டென்று பற்றாது. மலையூரில் கரி அடுப்பின் பக்கத்தில் குளிர்காயும் பெரியவர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் செலவானாலும் கம்பளி வாங்குங்கள், கையால் துவைக்கச் சொல்லிக் கொடுங்கள். அத்தைக்கு நான் கம்பளியில் பின்னியது இதனால்தான்.

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் ஏசி அறைக்கு என்றால் பருத்தி நூல் உடம்புக்கு இதம். ஆனால் அதே அளவுப் போர்வை பருத்தியில் கனமாக இருக்கும், நனைந்தால் இன்னும் கனக்கும். முதல் போர்வைக்கு நான் பருத்தியைச் சொல்ல மாட்டேன். பருத்தி நூல் இழுத்தால் நீளாது, அதனால் புதிய கைக்கு விரல் நோகும்.

நிறத்தைப் பொறுத்தவரை, முதல் முறை வெளிர் நிறம் எடுங்கள். கறுப்பிலும் கரு நீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்கே தெரியாது, இரவு விளக்கில் சுத்தமாகத் தெரியாது. நுரை போலப் புசுபுசுவென்று இருக்கும் நூலும் வேண்டாம். தொட இதமாக இருந்தாலும் தப்பு செய்தால் பிரிக்க வராது.

லேபிளில் நிற எண்ணோடு லாட் எண் என்று ஒன்று இருக்கும், ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கான எண் அது. ஒரே நிறம், வேறு லாட் என்றால் கடையில் வித்தியாசம் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் விரித்தால் நடுவே கோடு போட்ட மாதிரி தெரியும். அத்தனை உருண்டையிலும் அந்த எண் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

ஊசி

நடுத்தரக் கனமுள்ள நூலுக்கு 5 மி.மீ. ஊசி. இரண்டு குட்டை ஊசிகளை ஒரு வளையும் வயர் இணைக்கிற சர்க்குலர் ஊசியாகவே வாங்குங்கள், வயரோடு சேர்த்து 80 முதல் 100 செ.மீ. நீளம் இருக்கட்டும். வட்டமாகப் பின்னுவதற்கு இல்லை, நேர் ஊசி போலத்தான் முன்னும் பின்னும் திருப்பிப் பின்னப்போகிறோம். போர்வை வளர வளர அதன் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும் என்பதுதான் வசதி.

ஊசியின் எண்ணில் பலர் ஏமாறுவார்கள். இந்தியக் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள்தான் புழக்கம். அதில் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும்: 8ஆம் நம்பர் 4 மி.மீ., 6ஆம் நம்பர் 5 மி.மீ., 4ஆம் நம்பர் 6 மி.மீ. அமெரிக்க எண்கள் தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மி.மீ. அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கடையில் 8ஆம் நம்பர் கேட்டால் மெல்லிய ஊசி கிடைக்கும், போர்வை பலகை மாதிரி விறைக்கும். மி.மீ. கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இவற்றோடு டேப், கத்தரி, நாலைந்து சேஃப்டி பின், முனை மழுங்கிய பெரிய காது ஊசி, சமையலறை டிஜிட்டல் தராசு. தராசு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது அதுதான்.

ஒரே ஒரு பின்னல்

இந்தப் போர்வை முழுக்க நிட் என்கிற ஒரே கண்ணிதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், ஓரம் சுருளாது. எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னினால் துணியில் வயல் வரப்பு மாதிரி மேடுகள் வரும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. வரிசையை எண்ணுவதைவிட வரப்பை எண்ணுவது கண்ணுக்கு எளிது.

முதலில் கண்ணி ஏற்றுவோம். நூலில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டி லேசாக இழுங்கள். அது முதல் கண்ணி. அப்புறம் உருண்டைப் பக்கத்து நூலைக் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்தைக் கீழிருந்து ஊசியில் ஏற்றி விரலை உருவுங்கள். அது இரண்டாவது. எத்தனை வேண்டுமோ அத்தனை.

கண்ணிகள் உள்ள ஊசி இடக்கையில், வெறும் ஊசி வலக்கையில். நூல் எப்போதும் பின்பக்கம். வலது ஊசியின் முனையை, இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழையுங்கள். நூலை எடுத்து வலது ஊசியின் முனையைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு சுற்று. அந்தச் சுற்றை முனையால் மெல்ல இழுத்துக் கண்ணி வழியாக முன்னே கொண்டுவாருங்கள். இப்போது பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். நுழை, சுற்று, இழு, விடு. இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னினால் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பின்னிய கண்ணி ஊசியில் தாராளமாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் தோளைத் தளர்த்துங்கள், பெரும்பாலும் இறுக்கம் அங்கேதான் இருக்கும்.

மாதிரித் துண்டும் நூல் கணக்கும்

24 கண்ணி ஏற்றிச் சதுரமாக வரும்வரை பின்னுங்கள். கிட்டத்தட்ட 24 வரப்பில் சதுரம் வந்துவிடும். அளந்து பாருங்கள். 6 அங்குலம் இருந்தால் அங்குலத்துக்கு 4 கண்ணி, நமக்கு வேண்டியது அதுதான். 5 அங்குலமே வந்து தொட விறைப்பாக இருந்தால் 5.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். தொளதொளவென்று இருந்தால் 4.5 மி.மீ. அரை அங்குலம் முன்னே பின்னே இருப்பதால் ஒன்றும் ஆகாது, இது சட்டை இல்லை. துணி கையில் எப்படித் துவள்கிறது என்பதுதான் முக்கியம்.

இப்போது தராசு. 6 அங்குலச் சதுரம் என்றால் 36 சதுர அங்குலம். போர்வை 1728 சதுர அங்குலம், அதாவது சரியாக 48 சதுரங்கள். உங்கள் துண்டு 11 கிராம் என்றால் 528 கிராம் வேண்டும். பத்து சதவீதம் கூட்டிக்கொண்டால் 580 ஆகும், 600 கிராம் வாங்குங்கள். மற்றவர்கள் சொல்லும் கணக்கைவிட இது நம்பகமானது, ஏனென்றால் இது உங்கள் கையின் இறுக்கத்தில் வந்த எடை. கணக்குப் போட்டதும் துண்டைப் பிரித்து நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

காலமும் கணக்குப் போடலாம். இந்த அளவில் சுமார் 55,000 கண்ணிகள் வரும். நிமிடத்துக்கு 20 கண்ணி என்றால் 46 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏழு வாரம். பொங்கலுக்குக் கொடுக்க நினைத்தால் நவம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். கடைசி வாரத்தில் அவசரப்பட்டுப் பின்னிய பகுதி இறுக்கமாகத் தனியே தெரியும்.

முதல் முக்கோணம்

நான்கு கண்ணி ஏற்றுங்கள். ஒரு வரிசை சாதாரணமாகப் பின்னுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு வரிசையும் இப்படி:

2 கண்ணி பின்னவும், ஒரு நூல் சுற்று, மீதி எல்லாவற்றையும் கடைசிவரை பின்னவும்.

நூல் சுற்று என்பது, பின்பக்கம் இருக்கும் நூலை இரண்டு ஊசிகளுக்கு நடுவே முன்பக்கம் கொண்டுவந்து, அப்படியே அடுத்த கண்ணியைப் பின்னுவது. நூல் ஊசியின் மேலேறிப் பின்னே போகும்போது கூடுதலாக ஒரு வளையம் விழும். அடுத்த வரிசையில் அதையும் ஒரு கண்ணியாக நினைத்துப் பின்னினால் கீழே சிறு துளை ஒன்று நிற்கும். இந்தத் துளைகள் வரிசையாக இரு ஓரத்திலும் வந்து, தனியாக பார்டர் வைத்த மாதிரி அழகாக இருக்கும்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணி கூடும். 4, 5, 6 என்று போகும். முக்கோணம் ஒன்று கையில் வளர்வதைப் பார்ப்பீர்கள். இரண்டு வரிசை சேர்ந்த ஒரு வரப்பின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் மூலை சரியாகச் செங்கோணமாக விழுகிறது. இந்தப் பின்னலின் வசதி இது, வேறு பல பின்னல்களில் இதே முறையைச் செய்தால் மூலை கோணலாகும்.

எண்ண வேண்டாம். அவ்வப்போது தரையில் பரப்பி, தொடங்கிய மூலையிலிருந்து ஒரு ஓரம் எவ்வளவு நீளம் என்று இழுக்காமல் அளந்தால் போதும். 36 அங்குலம் வந்ததும் இந்தப் பகுதி முடிந்தது. ஊசியில் அப்போது ஏறக்குறைய 200 கண்ணி இருக்கும். ஒரு வரிசைக்குப் பத்து நிமிடம் ஆகும் கட்டம் இது, சற்றுப் பொறுமை வேண்டும்.

இங்கே நிறுத்தி, இதுவரை எவ்வளவு நூல் செலவானது என்று பாருங்கள். மீதி நூலைத் தராசில் எடைபோட்டு, வாங்கியதிலிருந்து கழித்தால் தெரிந்துவிடும். 600 வாங்கி 395 மீதி என்றால் 205 கிராம் செலவு. இந்த எண்ணை எழுதி வையுங்கள். கடைசி முக்கோணமும் இதே அளவு என்பதால் அதற்கும் சரியாக 205 கிராம்தான் வேண்டும்.

நடுப்பகுதி

சதுரப் போர்வையே போதும் என்றால் இதைத் தாண்டிவிட்டு நேராகக் குறைக்கத் தொடங்கலாம். நீளமாக வேண்டும் என்பதால் நாம் ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் குறைக்கப்போகிறோம்.

வரிசை தொடங்கும் ஓரத்தில் ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். அந்த சேஃப்டி பின் இருக்கும் ஓரத்திலிருந்து தொடங்கும் வரிசை எப்போதும் கூட்டும் வரிசை, மேலே சொன்னதேதான். மறு ஓரத்திலிருந்து தொடங்கும் வரிசை குறைக்கும் வரிசை:

1 கண்ணி பின்னவும், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னவும், ஒரு நூல் சுற்று, மறுபடி 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னவும், மீதியைக் கடைசிவரை பின்னவும்.

இரண்டைச் சேர்ப்பது கஷ்டமில்லை. ஒரு கண்ணிக்குள் நுழைப்பதற்குப் பதிலாக இரண்டுக்குள்ளும் ஒன்றாக ஊசியை நுழையுங்கள், அவ்வளவுதான். இரண்டு போய் ஒன்று கூடுவதால் வரிசைக்கு ஒரு கண்ணி குறையும், துளை பார்டரும் தொடரும்.

பின் குத்திய ஓரம் நீண்டுகொண்டே போகும். அது 48 அங்குலம் வந்ததும் நிறுத்தலாம். அல்லது மீதி நூலைத் தராசில் எடைபோட்டுப் பாருங்கள். எழுதி வைத்த 205 கிராமும் மேலே ஒரு 15 கிராமும் மிச்சம் என்னும் நிலை வந்தால் அளவு என்னவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். 46 அங்குலத்தில் முடியும் போர்வை ஒன்றும் குறையில்லை. கடைசி மூலையில் நூல் தீர்ந்து, அதே லாட்டைத் தேடிக் கடை கடையாக அலைவது பெரிய வேதனை.

கடைசி முக்கோணம்

இனி இரண்டு பக்கமும் குறைக்கும் வரிசை மட்டுமே. 200, 199, 198 என்று இறங்கும். எடுத்த எடுப்பில் மெதுவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சிறிது என்பதால் வேலை தானாக வேகம் பிடிக்கும். நாலு கண்ணி மிஞ்சும்வரை தொடருங்கள்.

முடிக்க, 2 கண்ணி பின்னி, முதலில் பின்னியதை இரண்டாவதன் மேலாகத் தூக்கிக் கீழே விடுங்கள். இன்னொன்று பின்னி மறுபடி அப்படியே. கடைசியாக ஒன்று மிஞ்சும். நூலை 8 அங்குலம் விட்டு வெட்டி, அந்தக் கண்ணி வழியே இழுத்து இறுக்குங்கள்.

வழியில் வரும் சிக்கல்கள்

காரணமே தெரியாமல் கண்ணி கூடுகிறதா? பெரும்பாலும் இரண்டு காரணங்கள். வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசியின் மேலாகப் பின்னே இழுபட்டால் முதல் கண்ணி இரண்டு கால்களோடு இரண்டு கண்ணி மாதிரி நிற்கும். நூலைக் கீழாகத் தொங்கவிட்டுப் பின்னே கொண்டுபோய்த் தொடங்குங்கள். மற்றொன்று, நடுவில் நூல் தெரியாமல் முன்பக்கம் வந்துவிடுவது. இது வேண்டாத இடத்தில் விழுந்த நூல் சுற்று, அந்த இடத்தில் ஒரு துளை காட்டிக்கொடுக்கும்.

கண்ணி நழுவினால் பதறாமல் உடனே ஒரு சேஃப்டி பின்னில் பிடியுங்கள், மேலும் கீழிறங்காது. அப்புறம் அந்த இடம்வரை ஒவ்வொரு கண்ணியாகத் திரும்பப் பிரித்து ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

நூறு கண்ணி தாண்டிய பிறகு நான் ஒரு காப்பு வேலை செய்வேன். ஆறேழு அங்குலத்துக்கு ஒருமுறை, வேறு நிற மெல்லிய தையல் நூலைக் காது ஊசியில் கோத்து, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி அப்படியே விட்டுவிடுவது. பின்னால் பெரிய தப்பு தெரிந்தால் ஊசியை உருவிவிட்டு அந்த நூல்வரை தைரியமாகப் பிரிக்கலாம். அதற்குக் கீழே ஒரு கண்ணியும் அவிழாது.

உருண்டை தீர்ந்தால் முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டாம். பழைய நூலில் 6 அங்குலம், புதியதில் 6 அங்குலம் தொங்கவிட்டு, புது நூலிலேயே பின்னத் தொடங்குங்கள். முடிச்சு ஒரு நாள் அவிழும், அதுவரை உடம்பில் உறுத்திக்கொண்டும் இருக்கும்.

முடிப்பும் துவைப்பும்

தொங்கும் நூல் முனைகளைக் காது ஊசியில் கோத்து, வரப்புகளின் புடைப்புகளுக்குள் இரண்டு அங்குலம் நுழைத்து, திசை மாற்றி இன்னொரு அங்குலம் திரும்ப நுழைத்து வெட்டுங்கள். ஒரே திசையில் விட்டால் இரண்டு துவைப்பில் வெளியே எட்டிப் பார்க்கும்.

கொடுப்பதற்கு முன் கட்டாயம் ஒருமுறை நனையுங்கள். கையில் புரண்ட அழுக்கு போகும், கண்ணிகளும் சமமாகப் படியும். வாளித் தண்ணீரில் சிறிது ஷாம்பு, பதினைந்து நிமிடம் ஊறட்டும். கசக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவே வேண்டாம். பெரிய துண்டில் சுருட்டி மேலே மிதித்தால் தண்ணீர் இறங்கிவிடும். பாயில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் போர்வையைப் பரப்பி, மூலைகளைக் கையால் நேராக்கி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் போட்டால் ஈரத்தின் கனத்தில் ஒரு பக்கம் நீண்டு போகும். அக்ரிலிக் போர்வையில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூட்டில் இழை தளர்ந்து உயிரற்றுப் போய்விடும்.

மூலைகளில் குஞ்சம் கட்ட ஆசையாக இருந்தால் கட்டலாம், பெரியவர்களுக்கு மட்டும். கைக்குழந்தைக்குப் பின்னுகிறீர்கள் என்றால் குஞ்சமும் வேண்டாம், துளைகளும் வேண்டாம். சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். நூல் சுற்றுக்குப் பதிலாக, ஒரே கண்ணியை நழுவவிடாமல் அதன் முன்பக்கக் கால் வழியாக ஒருமுறை, பின்பக்கக் கால் வழியாக ஒருமுறை என்று பின்னிக் கூட்டுங்கள். குறைக்கும்போது ஒரு ஜோடியை மட்டும் சேர்த்தால் போதும். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மடியில் வைத்திருக்கும்போது போர்த்த மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

அத்தைக்குக் கொடுத்தபோது மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, பூச்சி வராமலிருக்கத் துண்டு வசம்பு ஒன்றும் வைத்தேன். கம்பளிக்குத்தான் அந்தக் கவலை, அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது. கூடவே ஒரு சிறு அட்டையில், ஆறின தண்ணீர், ஷாம்பு, முறுக்க வேண்டாம், நிழல் உலர்த்தல் என்று பெரிய எழுத்தில் எழுதி, மிச்சமிருந்த நூலை ஒரு எலுமிச்சை அளவு உருட்டி அதோடு கட்டியிருந்தேன். இரண்டு வருடம் கழித்து நாற்காலிக் கைப்பிடியின் ஆணியில் மாட்டி ஒரு கண்ணி அறுந்தபோது, அத்தை அந்த உருண்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அங்கேயே வாசலில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சரி செய்தேன், நிறம் துளிகூட வேறுபடவில்லை.